கிணற்றடிக் கேள்விகள்: விதி மாறினால் யார் பணம்?

நிலத்தடி நீர் எடுப்பதற்கான விதிகளை மாநிலம் முழுவதும் மாற்றி எழுத வேண்டும் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: அதற்கு ஆகும் பணம் யாருடையது? இந்த முறை முக்கியமாக இதற்குத்தான் பதில் எழுதுகிறேன், ஒட்டி வந்த வேறு சில கேள்விகளுக்கும் சேர்த்து. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காலடிப்பேட்டைக்காரன். 1984 முதல் 2015 வரை அரசு வேலையில் கிணறு கிணறாகப் போய், நாடா இறக்கி நீர்மட்டம் எடுத்தவன். மீஞ்சூர், பஞ்செட்டி, பொன்னேரி, செங்குன்றம் பக்கம்தான் என் சுற்று.

சார், விதியைக் கடுமையாக்கினால் அதிகாரி, மீட்டர், ஜீப் என்று நம் வரிப்பணம்தானே கரையும்? எங்கள் வீட்டில் நான்கு பேர். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளைக்கு ஒரு கேன், 35 ரூபாய். கழுவவும் துவைக்கவும் அடி பம்பில் வரும் உப்புத் தண்ணீர். இதற்கு மேல் எங்களால் தாங்க முடியாது.
*— வாசகி, கொருக்குப்பேட்டை*

அம்மா, உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாதம் 15 கேன், 525 ரூபாய். ஒரு கேனில் 20 லிட்டர். ஆக, 300 லிட்டருக்கு 525 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 1,750 ரூபாய். இதை எந்தப் பட்ஜெட்டிலும் யாரும் படிப்பதில்லை. ஆனால் நிலத்தடி நீரைக் காப்பாற்றாமல் விட்டதற்கு வடசென்னை கொடுக்கும் விலையில் இதுவும் சேர்த்தி.

அடுத்த செலவு அரசுக் கணக்கில் இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு கட்டிய ஆலை. தனியார் கட்டி நடத்த, அவர்களிடம் 25 வருடம் தண்ணீர் வாங்குவதாக ஒப்பந்தம். அப்போது பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. அது ஆலை வாசலில் கொடுக்கும் விலை. அங்கிருந்து மணலிக்கும் திருவொற்றியூருக்கும் குழாயில் கொண்டுவரும் செலவு தனி. அந்த ஆலை நமக்குத் தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அது எந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960-களின் கடைசியில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு நடந்த ஆய்வில், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பழைய காலத்தில் ஓடிய தடங்களில் பருமணல் ஆழமாகப் படிந்திருப்பதும், அதில் நல்ல தண்ணீர் ஊறி நிற்பதும் தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள், அதாவது ஒரே பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகள், போட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் மணலித் தொழிற்சாலைகள் ஓடின, சென்னையும் குடித்தது. அதே மணலிலிருந்து விவசாயிகளின் மோட்டாரும் எடுத்தது. எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்த்து நிறுத்தச் சொல்ல அன்று எந்த விதியும் இல்லை. மழை குறைந்த வருடங்களிலும் யாரும் குறைத்து எடுக்கவில்லை. அப்புறம் கடல் உள்ளே வந்தது. 1969-ல் கரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை, 1987 வாக்கில் ஒன்பது கிலோமீட்டரைத் தொட்டது.

எனக்கு அது வரைபடத்தில் பார்த்த கோடு கிடையாது. மீஞ்சூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஒரு விவசாயியின் கிணறு எங்கள் பட்டியலில் இருந்தது. அளக்கப் போகிற நாளெல்லாம் அந்த வீட்டம்மா ஒரு சொம்பு நீர்மோர் கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கோடையோ நான்காவது கோடையோ, குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்றேன். "நான் உப்பே போடலியே தம்பி" என்றார். இரண்டு பேரும் கிணற்றைப் பார்த்தோம். அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்த வயலில் நெல் இல்லை. பிறகு அந்தக் கிணற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

நல்ல தண்ணீர் இருந்த இடம் அது. முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் மேலே தூக்க, சுமாரான மோட்டாருக்குக்கூட கால் யூனிட் கரண்ட் போதும். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் வேண்டும். இந்த வித்தியாசத்தை நாம் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

விதிக்கு ஆகும் செலவு என்ன என்று கேட்டீர்கள். நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன். இரண்டு ஆள், ஒரு நாடா, ஒரு நோட்டு, பஸ் டிக்கெட். ஒரு நாளில் எட்டு பத்து கிணறு. இதோடு உப்பு பார்க்க ஒரு ஆய்வுக்கூடம், வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுக்கிற போர்களுக்கு மீட்டர், அதைப் படிக்க ஆள். மீட்டர் செலவை எடுப்பவர்தான் கொடுக்க வேண்டும், உங்கள் அடி பம்புக்கு மீட்டர் வைக்க நான் ஒரு நாளும் சம்மதிக்க மாட்டேன். பணம் ஆகும் அம்மா, ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தை அரசு தன் கணக்கில் எழுதாவிட்டால், அது கேன் கேனாக உங்கள் கணக்கில் ஏறும். ஏறிக்கொண்டும் இருக்கிறது.

2003-லேயே நிலத்தடி நீருக்குச் சட்டம் போட்டார்கள் என்று அப்பா சொல்வார். பிறகு ஏன் இன்னும் விதி வேண்டும் என்கிறீர்கள்?
*— கல்லூரி மாணவர், ராயபுரம்*

அப்பா சொன்னது சரிதான் தம்பி. ஆனால் வரிசையாகப் பார்த்தால்தான் நடந்தது புரியும்.

முதலில் வந்தது 1987-ம் வருடத்துச் சட்டம். சென்னைக்கும் சுற்றியுள்ள குறிப்பிட்ட கிராமங்களுக்கும் மட்டும். கிணறு தோண்ட அனுமதி, வியாபாரத்துக்கு எடுக்க உரிமம், லாரியில் ஏற்றிப் போக உரிமம் என்று அதில் இருக்கிறது. மீஞ்சூர் உப்பான பிறகு வந்த சட்டம் அது. அடுத்தது, மாநிலம் முழுவதுக்குமாக 2003-ல் நிறைவேறிய தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம். அது நடைமுறைக்கே வரவில்லை. பத்து வருடம் தாளில் இருந்துவிட்டு 2013-ல் ரத்தானது. அதன் இடத்தில் 2014 ஜூலையில் ஓர் அரசாணை வந்தது. குறுவட்டங்களை (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்த் துறைப் பிரிவுகள்) நீர் இருப்பை வைத்துப் பிரித்து, எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்று அது வகுத்தது. வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2018 அக்டோபரில்தான் அரசாணை செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2020 தொடக்கத்தில், அனுமதி இல்லாமல் ஓடும் கேன் தண்ணீர் ஆலைகளை மூடச் சொல்லி மறுபடி நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வடசென்னையில் கேனுக்குத் திண்டாடிய அந்த நாட்கள் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

சட்டத்தைப் போட்டுவிட்டு அதற்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி. 2003-ல் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கிணறுகளின் பட்டியலைப் புதுப்பித்தோம். சட்டம் அமலுக்கு வந்தால் எல்லாக் கிணற்றையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும், தயாராக இருப்போம் என்று நாங்களாகவே ஆர்வத்தில் செய்தது. மூன்று மாதம் வெயிலில் அலைந்தோம். அந்தப் பட்டியலுக்கு வேலையே வரவில்லை. எங்கள் மூன்று மாதம் போனதில் எனக்கு வருத்தம் கொஞ்சம்தான். அந்தப் பத்து வருடத்தில், இனி போட முடியாமல் போய்விடும் என்று பயந்து போர் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு விதி வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது, விதியே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். நான் போன கிராமங்களில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

என் பட்டா நிலம், என் காசில் போட்ட போர். இதில் அரசு எங்கே வந்தது?
*— வாசகர், தண்டையார்பேட்டை*

இப்படிக் கேட்க உங்களுக்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது. 1882-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஈஸ்மென்ட் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் தடமில்லாமல் ஊறும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. அன்று தண்ணீர் இறைக்க ஏற்றமும், மாடு கட்டி இழுக்கும் கவலையும்தான். ஒரு மாட்டு ஜோடி நாள் முழுக்க இறைத்தாலும் பக்கத்துக் கிணறு வற்றாது. இன்று ஐந்து குதிரைச் சக்தி சப்மெர்சிபிள் மோட்டார் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

நம் பக்கத்து மண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். நீங்கள் இறைத்து அந்த ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் காம்பவுண்டுச் சுவரோடு நிற்காது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கை பம்பில் வரும்.

2013-ல் உங்கள் தண்டையார்பேட்டையிலேயே எண்ணெய்க் குழாய்க் கசிவால் போர்களில் எண்ணெய் வந்ததே, கசிந்த இடம் ஒன்று, எண்ணெய் வந்த வீடுகள் பல. அந்த வீட்டுக்காரர்கள் கையிலும் பட்டாதான் இருந்தது.

அண்ணே, எனக்குச் சொந்தத்தில் ஒரு தண்ணீர் லாரி. 12,000 லிட்டர் டேங்க். வண்டிக் கடன் இன்னும் மூன்று வருடம் கட்ட வேண்டும். நீங்கள் கேட்கிற மாதிரி விதி மாறினால் என் கடனை யார் கட்டுவது?
*— லாரி உரிமையாளர், செங்குன்றம்*

தம்பி, வந்த கடிதங்களில் என்னைத் தூங்க விடாதது உன் கடிதம்தான். பொதுச் செலவு என்று பேசுகிற பலரும் அதிகாரி சம்பளத்தைத்தான் நினைக்கிறார்கள். விதி மாறும்போது இழப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் பொதுச் செலவுதான். அதை எழுதாத திட்டம் அரைத் திட்டம்.

உன் தொழிலில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கிணற்றுக்காரர், லாரிக்காரர், ஓட்டுநர். நீ இரண்டாவது, சில நாள் மூன்றாவதும் நீயேதான் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீருக்குச் சொந்தம் கொண்டாடுபவர் முதல் ஆள். உன்னிடம் இருப்பது சக்கரம். அந்தச் சக்கரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. குடிநீர் வாரியமே ஒப்பந்தத்தில் தனியார் லாரிகளை எடுத்து ஓட்டுகிறது. குழாய் போகாத தெருக்களுக்கு இன்னும் பல வருடம் லாரி வேண்டும். புதிய விதி வரும்போது, சின்ன உரிமையாளர்களுக்கு, ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அந்த ஒப்பந்தத்தில் முதலிடம் என்று எழுதச் சொல்வேன். கடன் முடியும் வரை அவகாசமும் வேண்டும். மூன்று வருடம் நியாயமான காலம்.

ஆனால் நீ நிரப்புகிற கிணறு இருக்கிற ஊரையும் ஒரு தடவை நின்று பார். 2000 வாக்கில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் வாரியமே விவசாயிகளின் கிணற்றிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்க ஆரம்பித்தது. நகரத்துக்குத் தவித்த காலம் அது, வேறு வழி இல்லை என்றார்கள். கிணறு உள்ளவருக்கு நெல் போடுவதைவிட அது லாபம். நான் அளக்கப் போன ஓர் ஊரில் நாற்று நட வந்துகொண்டிருந்த பெண்கள், அந்த வருடம் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். எங்கே என்று கேட்டேன். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறோம் என்றார்கள். கிணற்றுக்காரருக்குக் காசு வந்தது, அவர்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. உன் கடனுக்குக் கேட்கிற நஷ்டஈட்டை அவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். நீயும் கேட்பாய் என்று நம்புகிறேன்.

தொழிற்சாலை போரை மூடினால் மணலியில் வேலை என்ன ஆகும்?
*— ஒப்பந்தத் தொழிலாளர், மணலி*

பயப்படாதீர்கள். வழி ஏற்கெனவே உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, சவ்வூடு வடிகட்டி, மணலி–எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் ஓட ஆரம்பித்தது. அதன் திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் நாலரை லட்சம் பேருக்கான தண்ணீர். கட்டியது பொதுப் பணம்தான், ஆனால் தொழிற்சாலைகள் காசு கொடுத்து வாங்குகின்றன. கொடுங்கையூர்க்காரர்கள் குப்பையின் நாற்றத்தையும் சாக்கடையையும் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறார்கள். அங்கே சுத்தமாகும் தண்ணீரால் மிச்சமாகிற குடிநீர் முதலில் அவர்கள் தெருக் குழாயில் வர வேண்டும் என்பது என் ஆசை.

விதி போட்டால் மழை வந்துவிடுமா?
*— வாசகர், எர்ணாவூர்*

வராது. ஆனால் மழை வராத வருடத்துக்குத்தான் விதி. 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்தன. புழல் ஏரிக்குள் நடந்தே போனேன், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்தத் திட்டத்துக்கு அரசு அறிவித்த தொகை 65 கோடி ரூபாய். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எட்டு வீடு சேர்ந்து வாங்கிய ஒரு லாரித் தண்ணீர் 4,500 ரூபாய், அதுவும் நாலு நாள் காத்திருந்து.

ஏரி காய்கிற வருடத்துக்குக் கைகொடுக்க வேண்டியது நிலத்தடி நீர். நல்ல மழை பெய்த வருடங்களிலேயே அதை எடுத்துத் தீர்த்துவிட்டோம். ஏரி நிரம்பிய வருடத்தில் போரை நிறுத்தி வை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சட்டத்தில் அதிகாரம் வேண்டும்.

மத்திய அரசு பணம் தராதா?
*— வாசகர், வியாசர்பாடி*

நிலத்தடி நீர் மேலாண்மைக்கென்று அடல் பூஜல் திட்டம் 6,000 கோடி ரூபாயில் தொடங்கியது. அதில் பாதி உலக வங்கிக் கடன். ஏழு மாநிலங்களில் நடத்தினார்கள். அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை.

தவறான விதியால் செலவு கூடாதா? பஞ்சாபைப் பற்றி ஏதோ படித்தேன்.
*— ஆசிரியை, பெரம்பூர்*

கூடும் அம்மா, நீங்கள் படித்தது உண்மை. பஞ்சாபில் 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக் கூடாது, ஜூன் 10-க்கு முன் நெல் நடக் கூடாது. கொதிக்கிற வெயிலில் வயலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, மழையை ஒட்டி நட்டால் போர் ஓடுவது குறையும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான். நடவு தள்ளிப் போனதில் அறுவடையும் தள்ளிப் போனது. கோதுமை விதைக்க இடைவெளி இல்லாமல், வைக்கோல் தாளைக் கொளுத்துவது அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் நகர்ந்தது. காற்று அசையாத அந்த நாட்களில் புகை டெல்லி வரை போய் உட்காருகிறது. தண்ணீருக்குப் போட்ட விதியின் செலவில் ஒரு பங்கைக் குழந்தைகளின் நுரையீரல் கட்டுகிறது. விதி எழுதும் அறையில் விவசாயியும் உட்கார்ந்திருந்தால், அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவில் எத்தனை நாள் வேண்டும் என்பதை அவர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார்.

2003-ல் மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்றபோது என் மாமியார் கட்டினார். இப்போது அது அடைத்துக் கிடக்கிறது. அந்தச் செலவு வீண்தானா ஐயா?
*— வாசகி, திருவொற்றியூர்*

வீண் இல்லை அம்மா. அந்த வருடம் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் கடைசி வரை கெடு, பிறகு அக்டோபர் வரை நீட்டினார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் இருந்தது. செலவு முழுவதையும் வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டோம். அடுத்த நல்ல மழைகளில் சென்னைக் கிணறுகளில் மட்டம் ஏறியதை நானே நாடாவில் பார்த்தேன். 2005 மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் கையால் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் தண்ணீர்.

குறை எங்கே என்றால், கட்டச் சொன்ன விதி, பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கெடு நெருங்க நெருங்கக் கொத்தனார் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. என் அம்மா இருந்த வீட்டில் ஒருவர் மூவாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு, மொட்டைமாடிக் குழாயை மண்ணில் ஓர் அடிக்குச் செருகி மேலே ஜல்லி பரப்பிவிட்டுப் போய்விட்டார். நான் ஊருக்கெல்லாம் மட்டம் எடுக்கப் போயிருந்தேன். மழையில் அந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்து வீட்டுக்குள் வந்தபோதுதான் அம்மா சொன்னார். வருடத்துக்கு ஒரு தடவை ஓர் ஊழியர் வந்து மூடியைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு நடைக்குப் பணம் ஒதுக்காததால், பல வீடுகளில் கட்டிய செலவே பலனில்லாமல் போனது.

உங்கள் தொட்டியைப் புரட்டாசி முடிவதற்குள் திறங்கள். மேல் மணலில் ஒரு சாண் வழித்து எடுத்துப் போட்டுவிட்டுப் புது மணல் போடுங்கள். கீழே உள்ள கூழாங்கல்லை எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசி அதில்தான் வரும். பழைய உறை கிணறு இருந்தால் வடிகட்டியதை நேராக அதில் விடலாம், நம் பக்கம் அதுதான் நல்லது. செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

எங்கள் கிணற்றில் நாங்களே மட்டம் எடுக்க முடியுமா சார்?
*— பத்தாம் வகுப்பு மாணவி, காசிமேடு*

முடியும் கண்ணு. நல்ல கேள்வி கேட்டாய். ஒரு நைலான் கயிறு, நுனியில் கனத்துக்கு ஒரு பெரிய போல்ட். கிணற்றுச் சுவரில் ஓர் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுக்கொள், எப்போதும் அங்கிருந்துதான் இறக்க வேண்டும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அள, போட்ட பிறகு அளந்தால் தப்பாக வரும். போல்ட் தண்ணீரைத் தொடும்போது 'டொப்' என்று கேட்கும். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து, மேலே எடுத்து, டேப்பால் அளந்து தேதியோடு எழுது. எட்டிப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது. மாதம் ஒரு தடவை போதும். நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, தண்ணீர் நல்லதா, சப்பையா, கரிப்பா என்று நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து எழுது. கிணற்றில் எண்ணெயோ நாற்றமோ இருந்தால் வாயில் வைக்காதே.

நான் வேலையை விட்ட பிறகும் எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடுக்கிறேன். இந்த மாதம் 4 மீட்டர் 35 சென்டிமீட்டர், லேசான கரிப்பு. உன் கிணற்றில் எவ்வளவு என்று எனக்கு எழுது.